பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க், ரேம், பிரிண்டர் ‘டிடெக்ட்’ ஆகவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் பார்க்க வேண்டியவை

பத்துப் பதினைந்து வருடம் உழைத்த டெஸ்க்டாப் ஒன்று உங்கள் வீட்டிலோ கடையிலோ இருக்கும். நேற்று வரை ஓடிய ஹார்ட் டிஸ்க் இன்று தெரியாது. புதிதாகப் போட்ட ரேமைக் காட்டாது. பிரிண்டரைச் செருகினால் ஒரு சத்தமும் வராது. கடையில் கேட்டால், “போர்டு போயிருச்சுண்ணே, புதுசா எடுத்துருங்க” என்பார்கள். மதுரையில் எங்கள் வீட்டு மெஷினுக்கும் ஒரு கடையில் இதையேதான் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்றார்கள். கடைசியில் கெட்டுப்போயிருந்தது ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ஒரு சாட்டா கேபிள். அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோர் 2 டுவோ, டுயல் கோர், முதல் சில தலைமுறை ஐ3 மெஷின்களை மனதில் வைத்து எழுதியது இது. இன்டெல் ஜி31, ஜி41, எச்61 சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சிப்) உள்ள போர்டுகள் இந்த வகைதான். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும், ஒரு வெள்ளை ரப்பரும், ஞாயிற்றுக்கிழமை முற்பகலும் இருந்தால் போதும்.

1. பிரிக்கும் முன்: பில், போட்டோ, பேக்கப்

முதலில் பில்லைத் தேடி எடுங்கள். மெஷின் பழசாக இருந்தாலும் நடுவில் மாற்றிய எஸ்எஸ்டிக்கோ (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) எஸ்எம்பிஎஸ்ஸுக்கோ (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் பெட்டி) வாரண்டி மிச்சம் இருக்கலாம். எஸ்எஸ்டிக்குப் பொதுவாக 3 வருடம், சில மாடல்களுக்கு 5 வருடம் தருகிறார்கள். பில் மங்கிப்போயிருந்தால், பாகத்தின் லேபிளில் உள்ள சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் வாரண்டி முடியும் தேதியை அங்கேயே காட்டும்.

அடுத்து, கேபினெட்டைத் திறந்ததும் எதையும் தொடாமல் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். எந்த கேபிள் எந்த போர்ட்டில் இருந்தது, முன்பக்க பவர் சுவிட்சின் சின்ன வயர்கள் எந்தப் பின்னில் இருந்தன என்பதெல்லாம் திரும்ப மாட்டும்போதுதான் தேவைப்படும். ஹார்ட் டிஸ்க், ரேம் லேபிள்களையும் சீரியல் நம்பர் தெரியும்படி எடுத்து வையுங்கள். கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் இந்தப் போட்டோதான் உங்கள் அத்தாட்சி.

மெஷின் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்க் அவ்வப்போதுதான் மறைகிறது என்றால் வேறு எதையும் செய்யாதீர்கள். தெரியும் நேரத்திலேயே முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

2. பயாஸில் தெரிகிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மெஷினை ஆன் செய்ததும் டிலீட் கீயையோ எஃப்2 கீயையோ விட்டு விட்டுத் தட்டுங்கள். சில பிராண்ட் மெஷின்களில் எஃப்10. பயாஸ் (விண்டோஸ் வரும் முன்பே பாகங்களைச் சரிபார்க்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) திரை வரும். அங்கே ஹார்ட் டிஸ்க்கின் மாடல் பெயரும், ரேமின் மொத்த அளவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயாஸிலேயே இல்லை என்றால் கோளாறு பாகத்திலோ, கேபிளிலோ, பவரிலோ, பயாஸ் செட்டிங்கிலோ இருக்கிறது. விண்டோஸை எத்தனை முறை ஏற்றினாலும் பயனில்லை. டிரைவர் (பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தேடுவதும் வீண்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டிரைவரிலோ செட்டிங்கிலோதான். பாகத்தை மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். நேராக 7-ஆம் படிக்குப் போகலாம்.

யுஎஸ்பி பிரிண்டர், வைஃபை டாங்கிள் போன்றவற்றைப் பழைய பயாஸ் காட்டாது. அவற்றுக்கு 8, 9 படிகள்.

பயாஸுக்குள் போனவுடன் சாட்டா மோடு என்ற வரியில் என்ன இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். ஐடிஇ அல்லது ஏஎச்சிஐ என்று இருக்கும்; போர்டும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் இரண்டு முறைகள் இவை. சிலர் ‘ஏஎச்சிஐ வைத்தால் ஸ்பீடு’ என்று கேட்டு மாற்றிவிடுகிறார்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஏற்றிய மெஷினில் இதை மாற்றினால், லோகோ வந்த கையோடு நீலத் திரையில் 7பி என்று முடியும் எரர் வரலாம். டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

3. தேதி பின்னுக்குப் போகிறதா? பேட்டரியை மாற்றுங்கள்

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? எஃப்1 அழுத்தச் சொல்கிறதா? மதர்போர்டில் உள்ள காசு போன்ற சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. எண் சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலும் கிடைக்கும், 30 முதல் 50 ரூபாய்க்குள்.

தேதி மட்டும்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் செட்டிங்குகளையும் மறந்து, கம்பெனியில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். மேலே சொன்ன சாட்டா மோடு மாறும், பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து மெஷின் தொடங்குவது என்ற வரிசை) மாறும், நீங்கள் ஆன் செய்து வைத்த பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் கேபிள் மாட்டும் அகலமான போர்ட்) ஆஃப் ஆகலாம். நம் பக்கம் மின்தடை வரும்போது இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் முழுதாக நிற்கும். அதனால்தான் ‘கரண்ட் போய் வந்ததிலிருந்து டிஸ்க் காட்டவில்லை’ என்ற கதை இங்கே அடிக்கடி கேட்கிறது. டிஸ்க்கைச் சந்தேகப்படும் முன் பேட்டரியை மாற்றி, தேதியையும் சாட்டா மோடையும் சரி செய்து, சேவ் கொடுத்து வெளியே வாருங்கள்.

4. திறந்து பாருங்கள்: தூசி, கேபிள், பவர்

பவர் கேபிளைச் சுவரிலிருந்தே உருவுங்கள். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

மதுரை வெயிலும் தூசியும் சேர்ந்து உள்ளே ஒரு போர்வை போலப் படிந்திருக்கும். பல்லி முட்டையும் இருக்கலாம், எறும்பும் இருக்கலாம். ஈரத் துணி வேண்டாம். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அதைச் சுழல விடக் கூடாது. ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம் குங்குமம் கேபினெட்டின் மேல்பக்கத்தோடு இருக்கட்டும். முன்பக்க யுஎஸ்பி துளையில் இறங்கிய சந்தனம் காய்ந்து கல்லாகி கான்டாக்ட்டை மறைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சாட்டா டேட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். பழைய கேபிள்களில் பூட்டும் கிளிப் இருக்காது. கேபினெட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே லூஸ் ஆகும். அப்படியும் தெரியவில்லை என்றால் போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். அடுத்து வேறு கேபிள். புதுக் கேபிள் 50 முதல் 100 ரூபாய். கடைசியாக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு பவர் கனெக்டர். இந்த வரிசையிலேயே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

சாட்டாவுக்கு முந்தைய, அகலமான பட்டை கேபிள் உள்ள ஐடிஇ டிஸ்க் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரே கேபிளில் டிஸ்க்கும் டிவிடி டிரைவும் இருந்தால் ஒன்றின் ஜம்பர் (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாஸ்டரிலும் மற்றது ஸ்லேவிலும் இருக்க வேண்டும். இரண்டும் மாஸ்டர் என்றால் ஒன்றோ இரண்டுமோ மறையும்.

மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, தலையில் பழுப்பு நிறமாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தாலோ, பாகங்கள் வந்து வந்து மறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கேட்டால், போர்டு விலையில் சிறு பங்கில் முடியும்.

5. ரேம்: சுத்தம் செய்வதும், சரியானதை வாங்குவதும்

டிஸ்பிளே வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது, அல்லது 4 ஜிபி போட்டும் 2 ஜிபிதான் தெரிகிறது என்றால் ரேமைக் கழற்றுங்கள். இரு பக்கக் கிளிப்பையும் கீழே அழுத்தினால் தானே எழும்பும். தங்க நிறப் பற்களின் மேல் வெள்ளை ரப்பரை நீளவாட்டில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பரில் கருஞ்சாம்பல் கோடு விழும். அந்தக் கறைதான் கான்டாக்ட்டைத் தடுத்தது. கோடு விழுவது நிற்கும் வரை தேய்த்து, ரப்பர் தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊதுங்கள். திரும்ப மாட்டும்போது இரண்டு கிளிப்பும் ‘டிக்’கென்று தாமாக மூட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் ரேம் உட்காரவில்லை.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கெட்டது ரேமா ஸ்லாட்டா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புது ரேம் வாங்கி ஏமாறுவதுதான் பழைய மெஷின்காரர்களுக்கு அதிகம் நடக்கிறது. ஜி41 போர்டில் டிடிஆர்3 (ரேமின் ஒரு தலைமுறை) போடுபவர்கள் கவனியுங்கள். ஒரே ரேமில் 4 ஜிபி வேண்டுமென்றால், பக்கத்துக்கு 8 வீதம் மொத்தம் 16 சிப் உள்ள ரேம்தான் அதில் ஓடும். இப்போது அதிகம் கிடைப்பது 8 சிப் மட்டுமே உள்ள 4 ஜிபி. அதில் ஒவ்வொரு சிப்பும் இரண்டு மடங்கு கொள்ளளவு கொண்டது. அதை ஜி41 படிக்காது. டிஸ்பிளேயே வராமல் போகலாம். ரேமும் நல்லது, போர்டும் நல்லது, இரண்டுக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான். கடையிலேயே சிப்பை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். டிடிஆர்2 வில் மலிவாக விற்கும் 4 ஜிபி ரேம்களில் ‘ஏஎம்டி மட்டும்’ என்று எழுதியிருந்தால் அது இன்டெல் போர்டுக்கு ஆகாது.

பயாஸில் 4 ஜிபி முழுதாகத் தெரிந்து, விண்டோஸ் மட்டும் 3 ஜிபி சொச்சம் காட்டினால் ரேமில் குறை இல்லை. பெரும்பாலும் உங்கள் விண்டோஸ் 32 பிட். 64 பிட் ஏற்றினால் பல போர்டுகளில் முழுதும் தெரியும்.

6. ஹார்ட் டிஸ்க்கே கெட்டிருந்தால்

கேபிள், போர்ட், பவர் எல்லாம் மாற்றியும் பயாஸில் வரவில்லை என்றால், டிஸ்க்கை இன்னொரு மெஷினில் மாட்டிப் பாருங்கள். அங்கும் தெரியாவிட்டால் முடிவு வந்துவிட்டது. மாட்டி ஆன் செய்ததும் டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேளுங்கள். சீரான சுழற்சிச் சத்தம் நல்லது. ‘டிக்... டிக்...’ என்று ஒரே இடைவெளியில் தட்டினால் உடனே பவரை நிறுத்துங்கள். உள்ளே பிள்ளைகளின் போட்டோ, கல்யாண வீடியோ, கடைக் கணக்கு என்று மீட்டே ஆக வேண்டிய எதுவும் இருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் அவை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். டேட்டா ரெக்கவரிக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாற்றாக வாங்குவதென்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய சாட்டா போர்ட்டிலும் ஓடும், பழைய மெஷினுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று என்விஎம்இ (சாட்டா கேபிளில் மாட்ட முடியாத வேறு வகை) எஸ்எஸ்டியையும் அடாப்டரையும் வாங்கிவிடாதீர்கள். இந்தப் போர்டுகளின் பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கும் அப்படித்தான். டேட்டா வைக்க ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் பயன்படுத்தலாம். விண்டோஸ் ஏற்றி பூட் செய்யும் டிஸ்க்காகப் பழைய பயாஸில் போட்டால் 2 டிபிக்கு மேலே உள்ள இடம் வீணாகும்.

7. பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை

மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், மேனேஜ். அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் அங்கே இருந்து, டிரைவ் லெட்டர் மட்டும் இல்லாமல் இருக்கலாம். ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்துக் கொடுத்தால் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய டேட்டா உள்ள டிஸ்க்கை மாட்டியதும் ‘இனிஷியலைஸ்’ செய்யவா, ‘ஃபார்மட்’ செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். அது புது டிஸ்க்குக்கு உரிய கேள்வி.

மற்ற பாகங்களுக்கு அதே மேனேஜ் திரையில் உள்ள டிவைஸ் மேனேஜர். மஞ்சள் முக்கோணம் உள்ளதை டபுள் கிளிக் செய்தால் ஒரு கோட் எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே ஏற்றவில்லை. 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 10 என்றால் பாகம் தொடங்கவில்லை; பெரும்பாலும் தவறான டிரைவர், சில நேரம் பாகமே பழுது. 43 என்றால் பாகமே கோளாறு சொல்லி நின்றுவிட்டது. யுஎஸ்பி சாதனத்தில் 43 வந்தால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள்.

பாகத்தின் பெயரே தெரியாமல் ‘அன்னோன் டிவைஸ்’ என்று இருந்தால், டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். அதன் முதல் பகுதி தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி. அந்த முழு வரியைக் காப்பி செய்து தேடினால் எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும். டிரைவரை மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்’ என்று வரும் இலவச மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். அவை ஏற்றும் குப்பையைச் சுத்தம் செய்வது தனி வேலை.

8. யுஎஸ்பி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்

முன்பக்க யுஎஸ்பி போர்ட் நீள வயர் வழியாகப் போர்டுக்குப் போகிறது, அதில் கரண்ட் குறையும். எதுவும் டிடெக்ட் ஆகவில்லை என்றால் பின்பக்கத்தில் நேரடியாகச் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். சில வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்கு அது போதாது. இரண்டு யுஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் போட்டால் எழுந்துவிடும்.

பில் போடும் கடைகளில் இன்னும் பேரலல் போர்ட் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் ஓடுகின்றன. திடீரென்று நின்றால் பயாஸில் பேரலல் போர்ட் எனேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். சிமாஸ் பேட்டரி தீர்ந்த மெஷினில் இது ஆஃப் ஆகியிருக்கலாம். இந்தப் பிரிண்டர் கேபிளை மெஷின் ஓடும்போது பிடுங்கவோ செருகவோ கூடாது. போர்ட்டே எரிந்துபோகலாம்.

9. லினக்ஸ் பென் டிரைவ்: சந்தேகம் தீர்க்கும் சோதனை

கோளாறு பாகத்திலா விண்டோஸிலா என்று இன்னும் தெரியவில்லை என்றால், நண்பரின் மெஷினில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ஏற்றி வாங்கி வாருங்கள். செலவு பென் டிரைவ் மட்டும்தான். ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டி (எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப், போர்டுக்கு ஒன்று) பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் கொடுக்காமல் அப்படியே ஓட்டலாம், உங்கள் டிஸ்க்கில் எதுவும் மாறாது. 2 ஜிபி ரேம் இருந்தால் மெதுவாகவாவது எழும்.

சவுண்டும் வைஃபையும் பிரிண்டரும் இதில் ஓடினால் பாகங்கள் நல்லவை. விண்டோஸில்தான் வேலை. டிஸ்க்ஸ் என்ற செயலியில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் பட்டியல்) பாருங்கள். 5, 197 எண்ணுள்ள வரிகளில் பூஜ்யத்துக்கு மேல் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் தேய்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். எங்கள் மெஷினில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது இந்த 199-தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இப்போதைய விண்டோஸ் 11 கோர் 2 டுவோவில் ஏறாது. பாகங்கள் எல்லாம் நல்லபடி என்று தெரிந்தால், லினக்ஸிலேயே தங்கிவிடுவதைப் பற்றியும் யோசியுங்கள். பிரவுசிங், பிள்ளைகளின் படிப்பு, தட்டச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் போதும்.

10. கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால்

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து கேபினெட்டைப் பஸ்ஸில் மதுரைக்குத் தூக்கி வர வேண்டாம். ரேமோ டிஸ்க்கோ வாங்குவதென்றால் பழையதைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையோடு கொண்டு வாருங்கள், மதர்போர்டின் மாடல் எண் போட்டோவும் இருக்கட்டும். டவுன் ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் போகும் வேலையைச் சித்திரைத் திருவிழா நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். தேர் வரும் வீதிகளில் வண்டி நுழையாது. தீபாவளிக்கு முந்தைய வாரமும் கூட்டத்தில் உங்கள் பழைய மெஷினை நிதானமாகப் பார்க்க ஆள் கிடைக்காது. வார நாளில், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போவதுதான் நல்லது.

மெஷினை விட்டுவிட்டு வருவதென்றால் ஜாப் ஷீட் (மெஷினைப் பெற்றுக்கொண்டதற்குக் கடை தரும் சீட்டு) இல்லாமல் வராதீர்கள். அதில் டிஸ்க், ரேம் சீரியல் நம்பர், என்ன கோளாறு, செக்கிங் சார்ஜ் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்பது இருக்க வேண்டும். ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று உங்கள் கையால் எழுதிச் சேருங்கள். “அதெல்லாம் எதுக்குண்ணே, நம்ம கடைதானே” என்பார்கள். சிரித்துக்கொண்டே எழுதி வாங்குங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று 2-ஆம் படியிலேயே தெரிந்திருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொடுங்கள். ஆதார் ஸ்கேனும் பேங்க் பாஸ்புக்கும் அதில்தான் இருக்கும்.

நான் விசாரித்த வரையில் செக்கிங் சார்ஜ் 200 முதல் 300 ரூபாய், வீட்டுக்கு வந்து பார்க்க 300 முதல் 500. பிராண்ட் இல்லாத எஸ்எம்பிஎஸ் 600 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஆனால் அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், நல்ல பிராண்டாகப் போடுங்கள். அது ஒன்று போனால் மற்றதையும் சேர்த்துக் கொண்டுபோகும். பழைய ரேம், பழைய போர்டு வாங்கும்போது குறைந்தது ஒரு மாத டெஸ்டிங் வாரண்டியை சீரியல் நம்பரோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.